புதன்கிழமை மாலைப் பொம்மை வகுப்பு

அந்தப் பல்கலைக்கழகத்தில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி வாசல் காவலாளி முதல் டீன் வரைக்கும் எல்லாருக்கும் அவள் கட்டம்மா. கம்ப்யூட்டர் வருவதற்கு முன்னால் ஒரு சுவரளவு அட்டையில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, எந்த வகுப்பு, எந்த அறை, எந்த மணி என்று பென்சிலால் நிரப்பிக்கொண்டிருந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர். அட்டை போய் கம்ப்யூட்டர் வந்தது, பெயர் போகவில்லை. தலையெழுத்தைக்கூட அழிச்சு எழுதிடலாம், கட்டம்மா போட்ட கட்டத்தை அழிக்க முடியாது என்று வாத்தியார்கள் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்து முடித்த கையோடு அவள் மேஜைக்கு வந்து, தங்களுக்கு மட்டும் ஒரு கட்டத்தை அழித்து எழுதச் சொல்வார்கள்.

டைம்டேபிள் போடுவது என்றால் ஏதோ கணக்கு வேலை என்று வெளியில் நினைக்கிறார்கள். கணக்காவது மண்ணாவது. ஒருத்தருக்கு முழங்கால் வலி, மாடி ஏறமாட்டார். சாயங்காலம் அதே ஆள் மட்டையைத் தூக்கிக்கொண்டு மைதானத்தில் குதிப்பதை ஊரே பார்க்கும். ஒருத்தருக்குப் பத்து மணிக்கு முன்னால் தொண்டை திறக்காது. இன்னொருத்தர் வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் இந்த உலகத்திலேயே இருக்கமாட்டார். எப்போதோ ஒரு பதவிக்குச் சண்டை போட்ட இரண்டு பேர் ஒரே நடைபாதையில் எதிரெதிரே வந்துவிடக் கூடாது. இது எதுவும் எங்கேயும் எழுதியிருக்காது, எல்லாம் கட்டம்மாவின் தலைக்குள் இருந்தது. இவர்களுடைய முழங்காலும் தொண்டையும் கோபதாபமும் போக மிச்சம் விழுந்த நேரத்தில்தான் பதினோராயிரம் பிள்ளைகள் படித்தாக வேண்டும். பிள்ளைகளுக்கு முழங்கால் வலி உண்டா என்று யாரும் கேட்டதில்லை. இருபத்து மூன்று வருடமாக அவளும் கேட்கவில்லை.

அவளுக்கு இருந்தது ஒரே ஒரு தங்கை. கட்டம்மா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போனபோது தங்கைக்குப் பதினேழு வயது, அக்காவுக்கு முப்பது. தங்கை பட்டப்படிப்பில் சேர ஆசைப்பட்டாள், மார்க்கும் இருந்தது. அக்காதான் தடுத்தாள். முதலில் கையில் ஒரு வேலையைப் பிடி, டிகிரி எங்கேயும் ஓடிப்போகாது, அப்புறம் நிதானமாகப் படிக்கலாம் என்று சொல்லி, இரண்டு வருட லேப் டெக்னீஷியன் படிப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தாள். தங்கை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. எதிர்த்துப் பேசியிருந்தால் இன்றைக்குக் கட்டம்மாவுக்குக் கொஞ்சம் ஆறுதலாகவாவது இருந்திருக்கும்.

டிகிரி ஓடித்தான் போனது. பெரிய ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தங்கை இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தாள். குழந்தையின் கையில் ஊசி குத்த வேண்டுமென்றால் மற்றவர்கள் அவளைத்தான் கூப்பிடுவார்கள், குழந்தை அழுவதற்குள் வேலை முடிந்திருக்கும். ஆனால் பிரிவுத் தலைவி ஆக வேண்டுமென்றால் பட்டம் வேண்டும் என்று விதி. அவளே கைபிடித்து ஊசி போடக் கற்றுக்கொடுத்த ஒரு சின்னப் பெண், பட்டம் இருந்ததால், அவளுக்கு மேலதிகாரியாக வந்து உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு லீவு எழுதினாலும் அந்தப் பெண்ணிடம்தான் கையெழுத்து வாங்க வேண்டும். அந்த வருடம்தான் தங்கை வீம்புக்குப் பகுதிநேரப் படிப்பில் சேர்ந்தாள், அக்காவின் பல்கலைக்கழகத்திலேயே.

பகுதிநேரத்துக்கு ஏழு வருடக் கெடு. அதற்குள் முடிக்காவிட்டால் தேறிய பாடங்களும் சேர்ந்து செல்லாமல் போய்விடும். வேலை, புருஷன், இரண்டு பிள்ளைகள், எல்லாவற்றுக்கும் நடுவில் ஆறு வருடத்தில் ஒன்றைத் தவிர எல்லாப் பாடத்தையும் அவள் முடித்தாள். அந்த ஒன்று புள்ளியியல். பயந்து பயந்து கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தாள். ஏழாவது வருடம் வந்தது. அந்தப் பாடம் வருடத்துக்கு ஒருமுறைதான் நடக்கும், அதுவும் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, அறுபது இடத்தோடு. முன்பு மாலையிலும் ஒரு பிரிவு இருந்தது. ஆறு மணிக்கு மேல் பாடம் எடுத்தால் வீட்டுக்குப் போக நேரமாகிறது என்று அந்தத் துறையில் எல்லாரும் மூக்கால் அழுததால், மூன்று வருடத்துக்கு முன்னால் அதை மூடிவிட்டார்கள். மூடியது கட்டம்மாவின் கைதான்.

தங்கை அக்காவிடம் உதவி கேட்கவில்லை. கேட்டாலும் நடக்காது என்று அவளுக்குத் தெரியும். சொந்தக்காரிக்காக அக்கா ஒரு நாற்காலியைக்கூட நகர்த்தமாட்டாள், அதில் கட்டம்மாவுக்கு ஒரு பெருமையே உண்டு. அதனால் தங்கை தன் சின்ன மேலதிகாரி முன்னால் போய் நின்று, ஒரு செமஸ்டருக்கு மட்டும் செவ்வாய் காலை விடுப்பு வேண்டும், பதிலுக்கு ஞாயிறு வேலை செய்கிறேன் என்று மூன்று தடவை கெஞ்சினாள். மூன்றாவது தடவை அந்தப் பெண், சரி பார்க்கலாம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சம்மதித்தாள்.

இனி பொம்மை வகுப்பு என்றால் என்ன என்பதைச் சொல்லியாக வேண்டும். கம்ப்யூட்டரில் வகுப்பு இல்லாமல் அறை பிடிக்க முடியாது. ஆனால் பெரிய மனிதர்களுக்கு எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு நல்ல அறை வேண்டியிருக்கும். அதற்கு அந்த அலுவலகத்தில் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். மூடிப்போன ஏதாவது ஒரு வகுப்பின் எண்ணை எடுத்து, அந்த அறையில் அந்த நேரத்தில் அது நடப்பதாகப் போட்டுவிடுவது. வாத்தியார் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பின்னர் அறிவிக்கப்படும்'. இடம் பூஜ்யம். அதனால் மாணவர் எவர் கண்ணுக்கும் படாது. ஒவ்வொரு செமஸ்டரும் இப்படி ஏழெட்டுப் பொம்மைகள் டைம்டேபிளுக்குள் உட்கார்ந்திருக்கும். மேலே இருக்கிறவர்களுக்கும் தெரியும், தெரியாத மாதிரி இருப்பார்கள்.

அந்தத் தடவை டீனுக்குப் புதன்கிழமை மாலை ஐந்தரைக்கு அறை 214 வேண்டும் என்று வந்தது. ஏசி நன்றாக வேலை செய்கிற அறை. வெளியாட்களோடு ஏதோ ஆலோசனைக் கூட்டம் நடத்தப் போகிறாராம், தேதி அப்புறம் சொல்வாராம். பதிவு திறப்பதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை. ஒன்பது பேர் ஒன்பது மாற்றத்தோடு அவள் மேஜையைச் சுற்றி நின்றிருந்தார்கள். கட்டம்மா கைக்கு வந்த ஒரு செத்த வகுப்பை எடுத்து, பழைய பதிவை அப்படியே நகலெடுத்துப் போட்டாள். அது அந்தப் பழைய மாலைப் புள்ளியியல். நகலெடுத்தால் பழைய வகுப்பு தன் நாற்பது இடத்தையும் கூடவே தூக்கிக்கொண்டு வரும். அதைப் பூஜ்யமாக்க வேண்டும். ஆயிரம் தடவை ஆக்கியிருக்கிறாள், அன்றைக்கு மறந்துவிட்டாள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். ஆனை சறுக்கினால் அதன் காலடியில் நிற்கிறவன் கதி என்ன என்று அந்தப் பழமொழி சொல்வதில்லை.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்குப் பதிவு திறந்தது. எட்டே காலுக்கு அவள் போன் அடித்தது. தங்கை பரிசோதனைக் கூடத்து நடைபாதையில் இருந்து பேசினாள். பதிவு எண் அடிக்கப்போன இடத்தில் மாலைப் பிரிவைப் பார்த்தாளாம், முதலில் கண்ணையே நம்பவில்லையாம். ஐந்தரை மணி என்றால் வேலை முடித்து ஒரு பஸ்ஸில் வந்துவிடலாம், யார் காலிலும் விழ வேண்டாம். உடனே அதில் பதிந்துவிட்டாள். பதிந்த கையோடு அந்தச் சின்னப் பெண்ணிடம் போய், உங்க செவ்வாய்க்கிழமை எனக்கு வேண்டாம், எங்க அக்கா ஏற்பாடு பண்ணிட்டா என்று சொல்லிவிட்டும் வந்தாள்.

"இத்தனை வருஷத்துல நீ யாருக்கும் எதுவும் செஞ்சதில்லக்கா. எனக்காகச் செஞ்சிருக்க. வாயைத் திறந்து ஒரு வார்த்தைகூடச் சொல்லாம செஞ்சிருக்க" என்றாள் தங்கை. அழுதுகொண்டிருந்தாள்.

அந்த நிமிஷமே கட்டம்மா உண்மையைச் சொல்லியிருக்கலாம். காலைப் பிரிவில் அப்போது இருபது இடமாவது மிச்சம் இருந்தது. ஆனால் தங்கை அவளிடம் அந்த மாதிரி ஒருநாளும் பேசியதில்லை. இருபத்து நான்கு வருடம் கழித்து ஒரு நன்றி வந்திருக்கிறது. எப்படியாவது இந்தப் பொம்மைக்கு உயிர் கொடுத்துவிடலாம் என்று ஒரு நப்பாசை. "ம்" என்று மட்டும் சொல்லி போனை வைத்தாள். பாவி, அந்த ஒரு ம்-தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

காலைப் பிரிவு எட்டரைக்கு நிரம்பியது. பொம்மை வகுப்பில் புதன்கிழமைக்குள் பதினான்கு பேர் சேர்ந்திருந்தார்கள். பெயரைப் பார்த்தாலே தெரிந்தது, எல்லாரும் பகுதிநேரம், எல்லாரும் எங்கேயோ வேலை பார்க்கிறவர்கள். ஒருவர்கூட வாத்தியார் யார் என்று கேட்கவில்லை. 'பின்னர் அறிவிக்கப்படும்' என்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய ஜென்மங்கள்.

கட்டம்மா முதலில் புள்ளியியல் துறைத் தலைவரிடம் போனாள். முழங்கால் வலிக்காரர் அவர்தான். அவருக்காக எத்தனை வருடம் தரைத்தளத்து அறையைக் கட்டிக் காத்திருக்கிறாள். அவர் நாற்காலியைத் திருப்பாமலே, மாலையில் வர ஆள் கிடையாது என்றார். அப்படியே ஆள் கிடைத்தாலும் இருபது பேர் சேர்ந்தால்தான் பிரிவு நடக்கும், பதினான்குக்கு நடக்காது, அந்தக் கணக்கை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தானே அம்மா என்று சிரித்தார். உண்மைதான். அந்த விதியைக் காட்டி அவள் மூடிய வகுப்புகளை எண்ண விரல் போதாது. டீனிடமும் போனாள். அறையை விட்டுக்கொடுக்க முடியுமா என்று கேட்கத்தான் போனாள். வெளியாட்களுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது என்று அவருடைய உதவியாளர் வாசலிலேயே சொல்லி அனுப்பிவிட்டார்.

மிச்சம் இருந்தது சூப்பிரண்டு. பதிவு அலுவலகத்துக்கே தலைமை அவர், அவளோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. கதவைச் சாத்திவிட்டு முழுவதையும் கேட்டார். வழி இருக்கிறது என்றும் அவரே சொன்னார். இது அலுவலகத் தவறு, இல்லாத வகுப்பைப் பதிவுக்குத் திறந்துவிட்டோம் என்று கட்டம்மா எழுதிக் கையெழுத்துப் போட்டால், கல்விக் குழு மறுக்க முடியாது. பதினான்கு பேருக்கும் காலைப் பிரிவில் கூடுதல் நாற்காலி போடலாம். காலையில் வர முடியாதவர்களுக்கு ஒரு வருடம் கெடு நீட்டிக்கலாம். தங்கைக்கு அந்த ஒரு வருடம் போதும்.

"ஆனா எழுதினா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோ" என்றார். "இல்லாத வகுப்பு எதுக்கு உள்ள இருந்துச்சுன்னு கேப்பாங்க. டீனுக்காகன்னு உன்னால சொல்ல முடியுமா? அவர் எழுத்துல எதுவும் கேக்கல. அப்புறம் பழைய பொம்மை எல்லாத்தையும் தோண்டுவாங்க. எல்லாத்துலயும் உன் பேருதான் இருக்கும். ரெண்டு வருஷம்தான் இருக்கு உனக்கு. மரியாதையா வெளிய போக வேண்டாமா?"

மரியாதை. அந்தச் சொல்தான் அவளைச் சாய்த்தது. வேலை போகும் என்று மிரட்டியிருந்தால்கூட ஒருவேளை துணிந்து எழுதியிருப்பாள். இருபத்து மூன்று வருடத்தில் ஒரே நேரத்தில் ஒரே அறையில் இரண்டு வகுப்பு மோதியது என்று ஒருநாளும் வந்ததில்லை. அந்தப் பேர் கெட்டுவிடுமே என்று தோன்றியது. கூடவே, தங்கைக்காக எழுதினாள் என்றும் சொல்வார்களே என்று தோன்றியது. மனசுக்குச் சாக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன! போதிய எண்ணிக்கை இல்லாததால் பிரிவு மூடப்பட்டது என்று வெள்ளிக்கிழமை அறிவிப்புப் போட்டாள். இடத்தைப் பூஜ்யமாக்கி, அறையை மட்டும் டீனுக்காக விட்டுவைத்தாள். பதினான்கு பெயரையும் ஒவ்வொன்றாக நீக்க வேண்டும். நீக்கினால் கம்ப்யூட்டர் காரணம் கேட்கும். பதிவுக் காலத்தில் அதில் இருப்பதே இரண்டு காரணம்: ஒன்று அலுவலகத் தவறு, இன்னொன்று மாணவர் விருப்பத்தின் பேரில். பதினான்கு தடவை அவள் இரண்டாவதைத் தொட்டாள். தங்கையின் பெயர் ஒன்பதாவதாக வந்தது. ஒன்பதாவதுக்குக் கொஞ்சம் கை நின்றது, அவ்வளவுதான்.

தங்கைக்குப் போனில் சொன்னாள். ஆள் சேரவில்லை, மூடிவிட்டார்கள் என்றாள். தங்கை அவளைத் தேற்ற ஆரம்பித்தாள். நீ எவ்வளவு பாடுபட்டுத் திறந்திருப்பே, என் ராசி அப்படி, நீ மனசைப் போட்டு குழப்பிக்காதே என்றாள். காலைப் பிரிவில் யாராவது விலகினால் சேர்ந்துகொள்ளலாம் என்று செவ்வாய் விடுப்பைத் திரும்பக் கேட்கப் போனபோது அந்தச் சின்னப் பெண், உங்க அக்கா ஏற்பாடு பண்ணினாங்கன்னு சொன்னீங்களே என்று எல்லார் முன்னாலும் கேட்டதை அவள் அக்காவிடம் சொல்லவில்லை. அது வேறு யார் மூலமாகவோ பின்னால் தெரிந்தது.

செமஸ்டர் நடந்தது, காலைப் பிரிவில் ஓர் இடமும் காலியாகவில்லை. அந்த வருடம் ஒரு மோதல்கூட இல்லாத டைம்டேபிள் என்று ஆண்டறிக்கையில் கட்டம்மாவின் பிரிவை ஒரு வரி பாராட்டி எழுதினார்கள். சூப்பிரண்டு அந்தப் பக்கத்தை மடித்துக் கொண்டுவந்து காட்டினார். அவள் வாங்கி மேஜை இழுப்பறையில் போட்டாள். புதன்கிழமைகளில் ஐந்தரைக்கு அவள் கால் தானாக இரண்டாவது மாடிக்குப் போகும். போய்ப் பார்த்துவிட்டு இறங்கி வருவாள்.

செமஸ்டர் முடிந்த இரண்டாவது வாரம், மதிய இடைவேளையில் தங்கை அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். ஆஸ்பத்திரிச் சீருடையைக்கூட மாற்றவில்லை. கையில் ஒரு கடிதம். ஏழு வருடக் கெடு முடிந்ததால் அவளுடைய சேர்க்கை ரத்தாகிறது, இறுதிப் பாடத்திலிருந்து மாணவர் தன் விருப்பத்தின் பேரில் விலகியதால் நீட்டிப்புக்கு வழியில்லை என்று அதில் இருந்தது.

"நான் எப்பக்கா விலகினேன்?" என்று கேட்டாள்.

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. ஏதோ எழுத்துப் பிழை என்றுதான் நினைத்து வந்திருக்கிறாள், அக்கா திருத்திக் கொடுத்துவிடுவாள் என்று. கட்டம்மாவால் அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. பொம்மை வகுப்பு, நகலோடு வந்த நாற்பது இடம், எழுதாமல் விட்ட கடிதம், பதினான்கு தடவை தொட்ட இரண்டாவது காரணம், எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கை நின்றபடியே கேட்டாள். கேட்டு முடித்துவிட்டு, "அப்ப எனக்காகத் திறக்கல" என்றாள்.

"இல்ல."

"அந்த ரூம்ல அவர் கூட்டம் நடத்தினாரா?"

"ஒரு புதன்கிழமைகூட வரல. பூட்டியேதான் கிடந்துச்சு."

தங்கை தலையை மட்டும் ஆட்டினாள். கட்டம்மா அவசர அவசரமாக ஒரு தாளை எடுத்து, இப்போதே எழுதுகிறேன், எல்லாவற்றையும் எழுதுகிறேன், என் வேலை போனால் போகட்டும், கல்விக் குழுவுக்கு நேரிலேயே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று பேனாவைத் தேடினாள்.

"கெடு தாண்டிருச்சுக்கா. இனிமே எழுதினா என் டிகிரி வருமா?"

வராது. ரத்தான சேர்க்கையைத் திரும்பத் திறக்க விதியே கிடையாது. அந்த விதி கட்டம்மாவைவிட நன்றாக யாருக்குத் தெரியும்?

"அன்னிக்கு எழுதியிருந்தா நாங்க பதினாலு பேரும் பிழைச்சிருப்போம். இன்னிக்கு எழுதினா உனக்கு மனசு ஆறும், வேற ஒண்ணும் நடக்காது. அதுக்கு என் பேரைப் போடாதே" என்றாள் தங்கை. கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டாள். "எனக்கு இன்னும் பதினஞ்சு வருஷம் சர்வீஸ் இருக்கு. இப்பக்கூட அந்தப் பொண்ணுகிட்ட ஒரு மணி நேரம் கேட்டுத்தான் வந்தேன்."

மணியைப் பார்த்தாள். நேரம் தாண்டியிருந்தது. அவள் வேகமாகப் படியிறங்கிப் போனாள்.